பணம் போட்டவருக்கா, மண்டையைப் போட்டு உடைத்தவருக்கா காப்புரிமை?

குலசேகரம் மாணவி:
மழைக்காலத்தில் ரப்பர் ஷீட் பூசணம் பிடிப்பது நம்ம மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த கஷ்டம். குறைந்த விறகில் ஷீட்டை உலர்த்தும் புகை அறை ஒன்றை எம்.இ. ப்ராஜெக்ட்டாகச் செய்தேன். பணம் ஒரு கம்பெனி கொடுத்தது. இப்போது காப்புரிமை விண்ணப்பத்தில் கண்டுபிடித்தவர்களாக என் பெயரும் கைடு பெயரும் இருக்கின்றன. உரிமையாளர் கம்பெனி மட்டும். முதல் நாள் கையெழுத்து வாங்கிய தாள்களில் மூன்றாம் பக்கத்தில் அப்படி இருக்கிறதாம். இது நியாயமா?

தக்கலை ரப்பர் யூனிட்:
நியாயம்தான் தங்கச்சி. நான் மூன்று கல்லூரிகளுக்குப் பணம் கொடுத்தவன். இரண்டில் தீசிஸ் வந்தது, பொருள் வரவில்லை. அந்த நஷ்டத்தில் பங்கு கேட்டு யாரும் வரவில்லையே. காப்புரிமைக்கு ஆயுள் 20 வருஷம்தான். அதற்குள் மெஷின் செய்து விற்று எடுக்க வேண்டியது நாங்கள்.

நாகர்கோவில் வாத்தியார்:
கண்டுபிடித்தவருக்கோ, அவர் யாருக்கு உரிமையை எழுதிக் கொடுத்தாரோ அவருக்கோ விண்ணப்பிக்கும் உரிமை என்கிறது 1970 காப்புரிமைச் சட்டம். எழுதிக் கொடுத்தாயிற்று என்றால் கதை அங்கேயே முடிந்தது. என் கருத்து, உரிமை கல்லூரியிடம் இருக்க வேண்டும், கம்பெனிக்குச் செய்து விற்கும் அனுமதி, அதாவது உரிமம், போதும். மாணவி இரண்டு வருஷத்தில் போய்விடுவார், புதுப்பிப்புக் கட்டணத்தை யார் கட்டுவது? கல்வி நிறுவனங்களுக்குக் கட்டணத்தை 2021-ல் 80 சதவீதம் குறைத்தும் விட்டார்கள். அமெரிக்காவில் 1980-லேயே, அரசுப் பணத்தில் நடந்த ஆராய்ச்சியைப் பல்கலைக்கழகங்களே வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் போட்டார்கள். இங்கே 2008-ல் அதே மாதிரி மசோதா வந்தது, 2014-ல் திரும்பப் பெற்றார்கள்.

தக்கலை ரப்பர் யூனிட்:
சார், அது அரசுப் பணம். இது என்னை மாதிரி ஒருவன் கைக்காசு.

பேச்சிப்பாறைக்காரன்:
மக்ளே, சோதனை எங்கே செய்தாய்?

குலசேகரம் மாணவி:
ஒரு ஷீட்காரர் ஷெட்டில், மாமா. ஓரமெல்லாம் தேன் நிறம் வந்த பிறகும் ஷீட் நடுவில் வெள்ளைத் திட்டு அப்படியே நின்றது. "புகையை நடுவில் விடாதே, ரெண்டு ஓரமா விடு" என்று அவர்தான் சொன்னார். அதற்கப்புறம்தான் வெள்ளை மறைந்தது.

பேச்சிப்பாறைக்காரன்:
அப்போ அவர் பெயர் எங்கே? ஆரோக்கியப்பச்சை என்ற செடியின் கதை தெரியுமா? 1987-ல் அகத்தியமலைக்கு ஆராய்ச்சியாளர்களைக் கூட்டிப் போன காணிக்காரர்கள், அதாவது அந்த மலையின் பழங்குடியினர், களைப்பே இல்லாமல் நடக்க அதன் பழத்தைத் தின்றார்கள். அந்தச் செடியை வைத்து, கேரளத்தில் பாலோடு என்ற ஊரிலுள்ள தாவரவியல் தோட்டம் 'ஜீவனி' மருந்து செய்து, கோவைக் கம்பெனிக்கு 10 லட்சம் ரூபாய்க்கும் 2 சதவீத ராயல்டிக்கும் உரிமம் கொடுத்தது. அதில் பாதி காணிகளுக்கு. நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் பணம் போன அறக்கட்டளை கேரளக் காணிகளுடையது. அதே மலையின் நம்ம தமிழ்நாட்டுச் சரிவில் இருக்கும் காணிகள் கணக்கிலேயே இல்லை.

நாகர்கோவில் வாத்தியார்:
இதில் நீங்கள் சொல்வது சரி. புகை வழியை மாற்றச் சொன்னது கண்டுபிடிப்பின் மையம் என்றால், அவரும் கண்டுபிடித்தவர்தான். மரியாதைக்குச் சேர்க்கிற பெயர் இல்லை அது.

தக்கலை ரப்பர் யூனிட்:
ஷெட்காரரைச் சேருங்கள், எனக்குத் தடையில்லை. உரிமையை நாலு பேருக்குப் பிரித்தால் மட்டும் அடுத்த முறை யார் பணம் போடுவார்?

குலசேகரம் மாணவி:
அண்ணே, என் பயம் ராயல்டி இல்லை. கம்பெனி இதைச் செய்யாமலே பூட்டி வைத்தால்?

தக்கலை ரப்பர் யூனிட்:
காப்புரிமை கிடைத்து மூன்று வருஷம் ஆகியும் மக்களுக்குப் பயன்படவில்லை என்றால், அதே சட்டத்தின் 84-ஆம் பிரிவில், கம்பெனி சம்மதிக்காவிட்டாலும் செய்ய அனுமதிக்கும் கட்டாய உரிமத்தை வேறு ஒருவர் கேட்கலாமே.

பேச்சிப்பாறைக்காரன்:
விடிவதற்கு முன்னே பால் வெட்டப் போகிறவன் சென்னைக்குப் போய் வழக்காடுவானா தம்பி? ஆர்.ஆர்.ஐ.ஐ. 105 என்ற ரப்பர் ரகக் கன்றைக் கோட்டயத்து ஆராய்ச்சி நிலையம் கொடுத்தபோது நாங்கள் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. ஒட்டுக் கட்டினோம், பால் எடுத்தோம்.

தக்கலை ரப்பர் யூனிட்:
சரி, இதற்கு ஒத்துக்கொள்கிறேன். உரிமை கம்பெனிக்கே இருக்கட்டும். ஆனால் சிறு ஷீட்காரர் சொந்த உபயோகத்துக்குக் கட்டிக்கொண்டால் கேள்வி கேட்கக் கூடாது என்று ஒரு வரி எழுதலாம். என் ஒப்பந்தத்தில் நான் போடுவேன்.

குலசேகரம் மாணவி:
அந்த வரியையும் ஷெட்காரர் பெயரையும் எழுதி எடுத்துக்கொண்டு, திங்கட்கிழமை கைடைப் பார்க்கப் போகிறேன்.