வளையலில் 3.45, மூடியில் 2.75: வட்டச் சுற்றளவுச் செயல்பாட்டில் பிழை எங்கே?

தக்கலை டீச்சர்:
ஏழாம் வகுப்பு, 32 பிள்ளைகள், எட்டுக் குழு. வளையல், டப்பா மூடி, சிரட்டை, புட்டுக்குற்றி என்று வீட்டிலிருந்து கொண்டுவந்ததை நூலால் சுற்றி அளந்து, சுற்றளவை விட்டத்தால் வகுக்கச் சொன்னேன். விடைகள் 2.75 முதல் 3.45 வரை வருகின்றன. எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி எடுத்து 3.14 பக்கம் கொண்டுபோக மனசு ஒப்பவில்லை. பிழை எங்கே? பரப்பளவுக்கும் கையால் செய்கிற மாதிரி ஒன்று சொல்லுங்கள். இன்னும் இரண்டு பாடவேளைதான் இருக்கிறது.

கருங்கல் கணக்கு சார்:
சராசரி வேண்டாம் டீச்சர். விடை 3.14-க்கு மேலே போகிறதா, கீழே போகிறதா என்று பாருங்கள். காரணம் அதிலேயே தெரியும்.

மேலே போனால் முதல் சந்தேகம் வளையல் மீதுதான். நூலை வெளியே சுற்றிவிட்டு ஸ்கேலை உள்ளே வைக்கிறார்கள். உள்விட்டம் 6 செ.மீ., கனம் 3 மி.மீ. என்றால் வெளிவிட்டம் 6.6. சுற்றளவு 20.7. அதை 6-ஆல் வகுத்தால் உங்கள் 3.45 அப்படியே வரும். அடுத்தது தடித்த கயிறு. 8 செ.மீ. டப்பாவை 4 மி.மீ. கயிற்றால் சுற்றினால் கயிற்றின் நடுப்பகுதி 8.4 செ.மீ. விட்டமுள்ள வட்டத்தில் போகிறது, விடை 3.30. ஸ்கேல் மையத்தை விட்டு விலகி, விட்டத்துக்குப் பதில் நாணை அளந்தாலும் விடை கூடும்.

கீழே போனால் ஸ்கேலில் 1-இலிருந்து அளந்து அந்த 1-ஐக் கழிக்க மறந்திருப்பார்கள். 7 செ.மீ. மூடி 8 ஆகிவிடும். 22-ஐ 8-ஆல் வகுத்தால் 2.75. கம்பளி நூலும் இதையே செய்யும்: சுற்றும்போது இழுபட்டு, ஸ்கேலில் வைக்கும்போது சுருங்கும்.

நூலை விட்டுவிட்டு 1 செ.மீ. அகலத்தில் தாள் நாடா வெட்டுங்கள். டப்பாவைச் சுற்றி, ஒன்றின்மேல் ஒன்று படியும் இடத்தில் குண்டூசியால் குத்தினால் விரித்ததும் இரண்டு துளை இருக்கும். அந்த இடைவெளிதான் சுற்றளவு. விட்டத்துக்கு, பொருளை மேசையில் இரண்டு கெட்டிப் பெட்டிகளுக்கு நடுவே நெருக்கி, பெட்டிகள் இணையாக நிற்கும்போது இடைவெளியை அளக்கலாம். வளையலை இப்படி அளந்தால் வெளிவிட்டம் தானாக வந்துவிடும். சிரட்டையை மூன்று திசையில் அளக்கச் சொல்லுங்கள், மூன்று விட்டம் வரும். வட்டம் என்றால் என்ன என்று பேச அதைவிட நல்ல பொருள் கிடையாது.

சின்னப் பொருளை உருட்டுவதே நல்லது. 10 ரூபாய் நாணயம் 27 மி.மீ.; விளிம்பில் பேனாப் புள்ளி வைத்து, ஸ்கேல் ஓரமாகப் பத்துச் சுற்று உருட்டினால் 84.8 செ.மீ. வர வேண்டும். வழவழப்பான தரையில் வழுக்கும், சார்ட் தாள் விரியுங்கள். 20 ரூபாய் நாணயம் பன்னிரண்டு பக்கம் உள்ளது, அது வட்டமே அல்ல.

குலசேகரம் வாசகர்:
ஒரு கேள்வியைத் திருப்பியும் கேளுங்கள். ரப்பர் மரத்தின் விட்டத்தை அளக்க மரத்தை அறுக்க முடியாதே. ஒட்டுக்கட்டிய இடத்துக்கு மேலே 125 செ.மீ. உயரத்தில் சுற்றளவு 50 செ.மீ. வந்த பிறகுதான் பால்வெட்டுக்கு எடுப்பார்கள். அப்போது விட்டம் 15.9 செ.மீ. சுற்றளவு ஒரு செ.மீ. ஏறினால் விட்டம் 3 மி.மீ.தான் ஏறுகிறது என்பதையும் அவர்களே கண்டுபிடிக்கட்டும். பள்ளிக்கூட வேப்பமரத்திலும் செய்யலாம்.

நாகர்கோவில் பயிற்றுநர்:
பரப்பளவுக்கு 5 மி.மீ. பருத்திக் கயிறு 308 செ.மீ. எடுங்கள். மேசையில் தட்டையாக இறுக்கிச் சுருட்டினால் 14 சுற்று வந்து ஆரம் 7 செ.மீ. ஆகும். நடுவில் கயிறு அவ்வளவு வளையாமல் பொட்டளவு துளை விழும், பரவாயில்லை. ஒரு ஆரத்தின்மேல் இரு பக்கமும் செல்லோ டேப் ஒட்டி, நேர் எதிர் ஆரத்தில் நீங்களே வெட்டுங்கள். கயிறுகளை நேராக்கினால் அடிப்பக்கம் ஏறத்தாழ சுற்றளவு, உயரம் ஆரம் என்று முக்கோணம் படுத்திருக்கும். பாதி × 44 × 7 = 154 ச.செ.மீ. கயிற்றின் நீளத்தைக் கனத்தால் பெருக்கினாலும், 308 × 0.5, அதே 154. நார்க்கயிறு விறைப்பு, வெட்டியதும் துள்ளி வரிசை கலையும்.

16 கூறாக வெட்டி இணைகரமாக அடுக்குவதும் நல்லதே, ஆனால் அடிப்பக்கம் முழுச் சுற்றளவு என்று பாதிப் பேர் எழுதுவார்கள். எட்டுக் கூறுக்கு மட்டும் முன்கூட்டியே வண்ணம் தீட்டுங்கள். வண்ணக் கூறு மேலே, வெள்ளைக் கூறு கீழே. பாதிச் சுற்றளவு கண்ணுக்குத் தெரியும். வட்டத்தரையை (சுற்றளவில் பாதியை) விட்டத்தரையால் (விட்டத்தில் பாதியால்) பெருக்குகிற நம் பழைய கணக்கு வழியும் இதுதான்.

தக்கலை டீச்சர்:
கயிற்றை இப்போது வெட்டிப் பார்த்தேன் சார். அடிக்கயிறு 44 வரவில்லை, 42-தான் வருகிறது.

நாகர்கோவில் பயிற்றுநர்:
சரியாகத்தான் வந்திருக்கிறது. வெளிச்சுற்றுக் கயிற்றின் நடுப்பகுதி 6.75 செ.மீ. ஆரத்தில் ஓடுகிறது, அதன் நீளம் 42.4. இன்னொரு குழுவுக்கு 2 மி.மீ. கயிறு கொடுத்துப் பாருங்கள்; 43.4 வரும். அதற்கு 7 மீட்டர் 70 செ.மீ. வேண்டும்.