ஏழாம் மாதத்தில் ஃபிட்ஸ், ஜன்னி என்றார்கள்

அல்சூர்க்காரன்:
என் அண்ணிக்கு நடந்தது, வளைகாப்பு முடிந்த வாரம். அதற்கு முன்பே தலைவலி, வாந்தி. மசக்கை இன்னும் விடவில்லை என்றார் அம்மா. அன்று சோபாவில் உட்கார்ந்திருந்தார். வலது கையில் மட்டும் வளையல் குலுங்குகிறது, இடது கை மடியில் அசையாமல் கிடக்கிறது. "தம்பி, கை தானா ஆடுது, நிறுத்த முடியல" என்று சொல்லும்போதே வாய் கோணி, உடம்பு முழுக்க வெட்டி இழுத்தது. ஆஸ்பத்திரியில் ஜன்னி (எக்லாம்ப்சியா, கர்ப்பத்தில் பொதுவாக பிபி ஏறி வரும் ஃபிட்ஸ்) என்று சொல்லி, அதற்கான மெக்னீசியம் மருந்தை ஏற்றினார்கள். ஆனால் பிபி 120/80, நார்மல். ஜன்னியில் பெரும்பாலும் தெரியும் புரோட்டீனும் யூரினில் இல்லை. வலது கையில் ஆரம்பித்ததைச் சொல்லிப் பார்த்தேன், யாரும் எழுதிக்கொள்ளவில்லை. மறுபடி வந்த பிறகுதான் எம்ஆர்ஐ. மூளையின் இடது பக்கம் மெனிஞ்சியோமா, அதாவது மூளையைச் சுற்றியுள்ள உறையில் வளரும் கட்டி.

கே.ஆர்.புரம் அம்மு:
டாக்டரைத் திட்டுவது சுலபம். 20 வாரத்துக்கு மேல் ஃபிட்ஸ் வந்தால் முதலில் ஜன்னி என்றுதான் பார்ப்பார்கள், பார்க்கவும் வேண்டும். என் சித்தி மகளுக்கு அதுவரை பிபி ஏறவே இல்லை. பிரசவமாகி மூன்றாம் நாள் ஃபிட்ஸ், ஜன்னியேதான். பிபி நார்மல் என்றால் ஜன்னி இல்லை என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம்.

அல்சூர்க்காரன்:
மெக்னீசியம் போட்டதைக் குறை சொல்லவில்லை அக்கா. ஒரு பக்கத்தில் ஆரம்பித்தது என்று சொன்ன பிறகும் தலையை ஸ்கேன் எடுக்காததைத்தான் சொல்கிறேன்.

ரிட்டயர்டு நர்ஸ்:
நான் ஜெயநகரில் வேலை பார்த்தபோது ஒரு பெண் கண் மங்குகிறது என்றாள். பிபி என்று நினைத்தோம், கடைசியில் கட்டி. எல்லோரும் கேட்டுக்கொள்ளுங்கள். மெனிஞ்சியோமாவில் பலவற்றுக்குப் புரோஜெஸ்டிரான் என்ற கர்ப்பகால ஹார்மோனை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் உண்டு, கர்ப்பத்தில் சும்மா இருந்த கட்டியும் பெரிதாகலாம். காலையில் எழும்போதே தலைவலி, இருமினால் கூடுகிறது என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். ஃபிட்ஸ் வந்தால் இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கையில் சாவி கொடுக்காதீர்கள், வாயில் ஸ்பூன் வைக்காதீர்கள். ஒருவர் போனில் வீடியோ எடுக்கட்டும், எந்தப் பக்கம் முதலில் இழுத்தது என்று தெரியும். எம்ஆர்ஐக்குப் பயப்படாதீர்கள், அதில் கதிர்வீச்சு கிடையாது, சாயம் ஏற்றாமலே எடுக்கலாம். அப்புறம் இரும்புச்சத்து மாத்திரையைக் காபியோடு போடாதீர்கள், ராகிக் கஞ்சி...

மல்லேஸ்வரம் மழை:
ராகிக்கு இங்கே என்ன வேலை மேடம்! அல்சூர் தம்பி, ஆபரேஷன் பிரசவத்துக்கு முன்னாலா, பின்னாலா? என் தங்கைக்கும் கட்டி என்கிறார்கள், இப்போது 30 வாரம்.

அல்சூர்க்காரன்:
பின்னால்தான். ஸ்டீராய்டு கொடுத்து வீக்கத்தைக் குறைத்து, 34 வாரத்தில் சிசேரியன். அப்புறம்தான் தலையில் ஆபரேஷன். கட்டி எங்கே இருக்கிறது, எவ்வளவு அழுத்துகிறது என்பதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். நியூரோ டாக்டரையும் பிரசவ டாக்டரையும் ஒரே இடத்தில் உட்கார்ந்து பேசச் சொல்லுங்கள்.