அய்யர் பேசுறதுக்கு முன்ன அந்தம்மா பாடுவாங்க

எங்க அப்பாயி இலங்கை மலையகத்துல அட்டன் பக்கம் லயத்துல, அதாவது தோட்டத் தொழிலாளிங்க இருக்குற வரிசை வீட்டுல பொறந்தவங்க, எழுதப் படிக்க தெரியாது. ஆனா சின்னப்புள்ளயா இருக்கப்ப பார்த்த நடேசய்யர் கூட்டத்த பத்தி கேட்டா அவரு என்ன பேசுனாருன்னு ஒண்ணும் சொல்லாது, "அந்தம்மா பாடுச்சு பாரு" அப்டினு தான் ஆரம்பிக்கும். அந்தம்மான்னா நடேசய்யரோட சம்சாரம் மீனாட்சியம்மாள்.

அய்யர எல்லாருக்கும் தெரியும். தஞ்சாவூர்ல இருந்து வந்து, புடவை யாவாரி வேசம் போட்டு தோட்டத்துக்குள்ள புகுந்தவரு, 1931ல தொழிற்சங்கம் கட்டுனவரு, 1936ல இருந்து அட்டனுக்கு அரசாங்க சபை (அப்ப இருந்த இலங்கை சட்டசபை) மெம்பர், பத்திரிகை, நாடகம்னு எழுதியும் தள்ளுனாரு. இதுக்கு நடுவுல தேசபக்தன் பத்திரிகைய அந்தம்மாவும் தான் பாத்தாங்க, பொம்பளைங்க விசயத்த எழுதுனாங்க, 1940ல இலங்கைல இந்தியர் படுற பாட்ட பத்தி பாட்டாவே எழுதி சின்ன புத்தகமா போட்டாங்க. அதுக்கு முந்துன வருசம் தான் அரசாங்கம் நாட்சம்பளத்துல இருந்த இந்தியர வேலைய விட்டு நிப்பாட்டி ஊருக்கு அனுப்ப பாத்துச்சு, அந்த சூட்டுல வந்த பாட்டு.

பாட்டா எழுதுனது சும்மா இல்லங்க. படிக்கத் தெரியாத சனம், நோட்டீஸ் குடுத்தா தோட்டத்துல ஆள மேய்க்கிற கங்காணி புடுங்கிருவான், பாட்ட யாரு புடுங்குறது? கேட்டுட்டு மறுநாள் கொழுந்து மலைல நாலு பேரு முணுமுணுத்தா முடிஞ்சுது. அதுவும் அப்ப சனத்துக்கு பழக்கமான மெட்டுல. என்னைய கேட்டா அய்யரோட பேச்ச விட தூரம் போனது இது தான். சொன்னா சண்டைக்கு வருவாங்க, வரட்டும்.

——

அண்ணே சண்டைக்கே வாறேன் 😄 அய்யர் இல்லாட்டி அந்தக் காலத்துல ஒரு பொம்பளைய மேடைல ஏறவிட்டிருப்பாங்களா? ஆனா ஒண்ணு, நான் கொட்டகலை பக்கம் படிப்பிக்கிறேன், புள்ளைங்ககிட்ட அந்தம்மா யாருன்னா "அய்யர் சம்சாரம்" தான் பதில், அதுக்கு மேல ஒரு வரி வராது.

——

அக்கா, மேடை அவரு குடுத்தாருன்னே வைங்க, பாட்டும் அவரா எழுதிக் குடுத்தாரு? அத விடுங்க. வரி அச்சுல இருக்கு, மெட்டு தான் போகுது. உங்க ஸ்கூல் பக்கத்து லயத்துல வயசான ஆளுங்க இருந்தா போன்ல ரெக்கார்ட் பண்ணி அனுப்புங்க, அரைகுறையா பாடுனாலும் பரவால்ல, எங்க அப்பாயி போனப்புறம் எனக்கு கேக்க ஆளில்ல.