புதுப்பிப்பு: மைலாரா, வெள்ளைப் பெயிண்டா? ஆறு வாரங்களுக்குப் பிறகு

வீட்டுக்குள் விளக்கொளியில் வளரும் தக்காளி நாற்றுகளுக்கு எந்த எதிரொளிப்பான் சிறந்தது என்று முன்பு கேட்டிருந்தேன். பெரும்பாலோர் மைலார் (கண்ணாடிபோல் பளபளக்கும், உலோகப் பூச்சுள்ள மெல்லிய பிளாஸ்டிக் தாள்) என்றீர்கள். அலமாரியின் ஒரு பக்கம் மைலார் ஒட்டி, மறுபக்கம் பளபளப்பற்ற வெள்ளைப் பெயிண்ட் அடித்துப் பார்த்துவிட்டேன். என் வாக்கு வெள்ளைக்கே.

புதிய மைலார் 90 சதவீதத்துக்கும் மேல் ஒளியைத் திருப்பும் என்பது சரிதான். ஆனால் சுருக்கமில்லாமல் ஒட்டுவதற்குள் எனக்குப் பொறுமை போய்விட்டது. ஈரத்தில் ஓரங்கள் பெயர்ந்தன, தூசியைத் துடைத்ததில் கீறல் விழுந்தது. வெள்ளைச் சுவரோ ஒளியை எல்லாத் திசையிலும் சிதறவிடுகிறது. அடி இலைகளுக்கும் அது போய்ச் சேர்கிறது. ஒளிமானியை இரு பக்கமும் வைத்துப் பார்த்தேன், வேறுபாடு மிகச் சிறியது. அழுக்கானால் இன்னொரு பூச்சு போதும்.

சமையலறை அலுமினியத் தாள் வேண்டவே வேண்டாம். எளிதில் கசங்கும், மின்சாரமும் கடத்தும், விளக்குக் கம்பிகளுக்கு அருகில் அது ஆபத்து.

எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது வேறொன்று. திறந்திருந்த முன்பக்கத்தில், இலைகளிலிருந்து ஒரு சாண் தள்ளி, வெள்ளை அட்டை ஒன்றை நிறுத்தினேன். அதுவரை அறைக்குள் வீணாய்ப் போன ஒளி செடிக்குத் திரும்பியது. சாய்ந்து நின்ற நாற்றுகள் பத்தே நாளில் நிமிர்ந்துவிட்டன. விளக்கின் மேல் மாட்டும் குடைகளை அடுத்து ஒப்பிடப் போகிறேன்.