மறு: பபிள் சிபேப் – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

> குமிழி மூச்சூட்டி என்றே வைத்துக்கொள்ளலாமே. தாய்மாருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் தப்பாகப் புரியும். சிபேப் (CPAP) என்பது மூச்சுத் திணறும் குழந்தைக்கு மூக்குக் குழல் வழியே அழுத்தத்தோடு தொடர்ந்து காற்று கொடுக்கும் முறை; அந்த அழுத்தத்தை நீர்ப் போத்தலால் உண்டாக்கினால் பபிள் சிபேப். மூச்சூட்டி என்றால் வென்டிலேட்டர். அது குழந்தைக்காக மூச்சை உள்ளே தள்ளும். சிபேப் தள்ளாது. குழந்தைதான் மூச்சு விடவேண்டும். மூச்சை வெளிவிடும்போது நுரையீரலின் காற்றறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் ஓர் அழுத்தம் முட்டுக்கொடுத்து நிற்கும், அவ்வளவே.

அந்த அழுத்தம் தண்ணீரிலிருந்து வருகிறது. மூச்சு வெளிவரும் குழாயின் நுனி போத்தல் நீருக்குள் 5 செ.மீ. ஆழத்தில் இருந்தால், காற்று அவ்வளவு நீரை விலக்கித்தான் குமிழியாக வெளியேற முடியும். 7 செ.மீ. இறக்கினால் அழுத்தமும் ஏறும். குழாயில் கோத்த ஈரம் போத்தலில் வடிந்து நீர்மட்டம் உயர்ந்தாலும் அதே கதைதான். ஆகவே மட்டத்தைக் கோடிட்டு வைப்பார்கள்.

டாக்காவில் ஷாம்பு போத்தலைக்கொண்டே இதை அமைத்தார்கள். 2015இல் வெளியான அந்த ஆய்வில், கடும் நிமோனியாவோடு ஆக்சிஜன் குறைந்த குழந்தைகளில் குறைவேக ஆக்சிஜன் (மூக்குக் குழலில் மெதுவாக விடும் வழக்கமான முறை) பெற்ற 67 பேரில் 10 பேர் இறந்தனர். குமிழி முறையில் 79 பேரில் 3 பேர். ஆனால் மருத்துவர் நாள்தோறும் பார்க்காத, ஆப்பிரிக்க நாடான மலாவியின் ஒரு மாவட்ட மருத்துவமனையில் 2019 ஆய்வில் இதே முறையில் இறப்பு 17 விழுக்காடு, வெறும் ஆக்சிஜனில் 11. கருவியை மாட்டினால் மட்டும் போதாது.

பெயரில் நான் பிடிவாதம் பிடிப்பதும் இதனால்தான். குழந்தை மூச்சை நிறுத்திவிட்டாலும் போத்தல் குமிழிட்டுக்கொண்டே இருக்கும். மூக்கில் சளி அடைத்தாலும் இருக்கும். மூச்சூட்டி ஓடுகிறதே என்று செவிலியர் நகர்ந்துவிடக்கூடாது, நெஞ்சைப் பார்க்கவேண்டும். குமிழி நின்றால் அது வேறு கோளாறு: மூக்குக் குழல் நழுவியிருக்கும், வாய் திறந்திருக்கும், இணைப்பு கசியும், காற்றோட்டம் போதாது.

என் முன்மொழிவு: சிபேப் – தாங்கழுத்தம்; பபிள் சிபேப் – குமிழித் தாங்கழுத்தம்.

---

> தாங்கழுத்தம்

எனக்கு உடன்பாடு. சிபேப்பின் நேர் மொழிபெயர்ப்பான 'தொடர் நேர்மக் காற்றுவழி அழுத்தம்' அகராதியில் கிடக்கட்டும்; படுக்கையருகே அதை ஒருவரும் சொல்லப்போவதில்லை. வென்டிலேட்டரில் பீப் (PEEP) என்கிறோமே, மூச்சு வெளிவந்து முடியும்போதும் நுரையீரலில் நிறுத்திவைக்கும் அழுத்தம், அதற்கும் 'மூச்சிறுதித் தாங்கழுத்தம்' எனலாம், வேர்ச்சொல் ஒன்றாக இருக்கும்.

இரண்டு முனையுள்ள மூக்குக் குழலுக்கு 'மூக்குக்கவை' பொருந்தும். கவை என்றாலே பிளவுபட்ட கிளை. ஒற்றைக் குழலோடு குழம்பாது. கையேட்டில் ஒரு வரி சேருங்கள்: கவையின் அடிப்பாகம் மூக்கின் நடுத்தண்டில் அழுந்தக்கூடாது, புண்ணாகிவிடும். வயிற்றில் காற்று சேர்ந்து உப்பும், எனவே வாய்வழி இரைப்பைக் குழாய் போட்டு அதன் நுனியைத் திறந்தே வைக்கவேண்டும்.