மூணாறு - போடி வழியில் லித்தியம் பேட்டரி வேலை தெரிந்த எலக்ட்ரீஷியன் வேண்டும்

வணக்கம். நானும் மனைவியும் எங்கள் நாய் மணியும் கேம்பர் வேனில் சின்னக்கானலில் நிற்கிறோம், ஆனையிறங்கல் ஏரிக்குப் பக்கம். வேன் ஓடுகிறது. ஆனால் உள்ளே இருக்கும் பேட்டரியில் சார்ஜ் ஏறவில்லை, ஃபிரிட்ஜ் நின்றுவிட்டது. மணிக்குச் சர்க்கரை நோய். அவனுடைய இன்சுலின் ஃபிரிட்ஜில்தான் இருந்தாக வேண்டும், 2 முதல் 8 டிகிரிக்குள். பூப்பாறை மீன் கடையில் ஐஸ் வாங்கி பிளாஸ்கில் போட்டு, மருந்து பாட்டிலைத் துண்டில் சுற்றி வைத்திருக்கிறோம். ஐஸில் நேராகப் பட்டு உறைந்துபோனால் மருந்து வீண்.

வண்டி 2016 டீசல் வேன். உள்ளே 100 ஆம்பியர் ஹவர் லித்தியம் பேட்டரி, இன்ஜின் ஓடும்போது வண்டி பேட்டரியிலிருந்து அதற்குச் சார்ஜ் ஏற்றும் 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர். ஞாயிற்றுக்கிழமை மாட்டுப்பெட்டியில் எல்லாம் சரியாக இருந்தது. கேப் ரோடு தாண்டிய பிறகுதான் இப்படி.

இன்ஜின் ஓடும்போது வண்டி பேட்டரியில் 14.2 வோல்ட் காட்டுகிறது. சார்ஜர் இழுக்க ஆரம்பித்ததும் அதற்கு வரும் வயரில் 11.6க்கு விழுகிறது. உடனே சார்ஜர் அணைந்து, கொஞ்ச நேரத்தில் மறுபடி முயன்று, மறுபடி அணைகிறது. ஃபியூஸ் மாற்றியாச்சு. எர்த் போல்ட்டைச் சுரண்டி இறுக்கியாச்சு. சோலார் இருக்கிறது, இந்த மூடுபனியில் பயனில்லை. வயரில்தான் கோளாறு என்று நினைக்கிறேன், ஆனால் அது கட்டிலுக்கு அடியில், பலகைக்குள் போகிறது. மூணாறில் கேட்ட மெக்கானிக் லித்தியத்தில் கை வைக்க மாட்டேன் என்றார்.

போடிமெட்டு இறங்கி போடி, தேனி வரை வரத் தயார். அந்த வழியில் இந்த வேலை தெரிந்த, நாளைக்கே பார்க்கக்கூடிய ஆட்டோ எலக்ட்ரீஷியன் எங்கே இருக்கிறார்?