தலைவர் நாற்காலி கிடைத்ததும் ஜோவெட் வாயை மூடிக்கொண்டாரா?

பொருநைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

பெஞ்சமின் ஜோவெட் என்றதும் பிளேட்டோ மொழிபெயர்ப்பும் ஆக்ஸ்போர்டின் பேலியல் கல்லூரியும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். போன வாரம் இங்கே ஒருவர் அவரை "திருச்சபையை எதிர்த்து நின்ற மாவீரன்" என்று எழுதியிருந்தார். அந்தப் பட்டம் அவருக்குக் கொஞ்சமும் ஒட்டாது என்பது என் கட்சி.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 1817ல் லண்டன் கேம்பர்வெல்லில் பிறந்தார். பேலியலில் மாணவராக இருக்கும்போதே 1838ல் ஃபெலோ (கல்லூரியின் ஆட்சிக்குழு உறுப்பினர்) ஆனார். பிறகு ஆங்கிலிக்கன் குருப்பட்டம். 1855ல் வேதாகமத்தில் பவுல் எழுதிய தெசலோனிக்கேயர், கலாத்தியர், ரோமர் நிருபங்களுக்கு (கடிதங்களுக்கு) விளக்கவுரை போட்டார். கோபம் கொண்ட பிதா, குற்றமற்ற குமாரனைத் தண்டித்துச் சாந்தமானார் என்று இயேசுவின் சிலுவைப் பிராயச்சித்தத்தை விளக்குவது கடவுளின் நீதிக்கே இழுக்கு என்று அதில் வாதாடினார். 1860ல் ஏழு பேர் சேர்ந்து வெளியிட்ட 'எஸ்ஸேஸ் அண்ட் ரிவ்யூஸ்' தொகுப்பில், வேதாகமத்தையும் மற்ற எந்த நூலையும் போலவே பொருள்கொள் என்றார். ஊரே கொந்தளித்தது. 1863ல் பழமைவாதக் குருவானவர் பியூசி முதலானோர் அவரைப் பல்கலைக்கழகத்தின் வேந்தர் நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள். வழக்கு நிற்கவில்லை.

இதுவரை எனக்கும் மரியாதைதான். 1870ல் பேலியலின் தலைவரானார். சாகும்வரை 23 வருடம் அந்தப் பதவி. அந்த 23 வருடத்தில் இறையியலில் அவர் அச்சுக்கு அனுப்பிய புத்தகம் எது? 1871ல் பிளேட்டோ, 1881ல் தூசிடிடீஸ், 1885ல் அரிஸ்டாட்டிலின் அரசியல். எல்லாமே செத்துப்போன கிரேக்கர்கள். அவர்கள் யாரும் ஆயரிடம் புகார் கொடுக்கப் போவதில்லை.

சாந்தி டீச்சர்

மௌனத்துக்குக் கூலி வாங்கியவர் மாதிரி எழுதியிருக்கிறீர்கள் தம்பி. பேசியதற்கு அவர் கொடுத்த விலையையும் சேர்த்து எழுதுங்கள்.

1855ல் அரசு அவரை கிரேக்கப் பேராசிரியராக நியமித்தது. அந்தப் பதவிக்குச் சம்பளம் வருடத்துக்கு 40 பவுண்டு. எட்டாம் ஹென்றி காலத்துச் சம்பளம் அது. உயர்த்தலாம் என்று தீர்மானம் வரும்போதெல்லாம், வேதப்புரட்டனுக்கு எதற்குப் பணம் என்று குருமார் திரண்டு வந்து வாக்களித்துத் தோற்கடித்தார்கள். 1865ல்தான் கிரைஸ்ட் சர்ச் கல்லூரி 500 பவுண்டு தர முன்வந்தது. பத்து வருடம்! அதே சமயத்தில் பேலியலிலும் தினசரி பாடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

வேதாகமத்தை மற்ற நூலைப் போலப் படி என்றதைப் பாதியோடு நிறுத்துவது பியூசி காலத்திலிருந்தே எதிராளிகளின் பழக்கம். அப்படிப் படித்தாலும் அது மற்ற எந்த நூலைப் போலவும் இல்லாமல் தனித்தே நிற்கும் என்று அதே கட்டுரையில் சொல்கிறார். அவருடைய நம்பிக்கையே அந்த இரண்டாவது பாதியில்தான் இருக்கிறது.

ரயிலடி

விலை கொடுத்தார், சரி. கையெழுத்தும் போட்டாரே?

1855ல் விளக்கவுரை வந்த சூட்டோடு துணைவேந்தரிடம் புகார் போகிறது. துணைவேந்தர் காட்டன் கூப்பிட்டு, இங்கிலாந்து திருச்சபையின் 39 கோட்பாடுகளில் மறுபடி கையெழுத்துப் போடச் சொல்கிறார். ஜோவெட் விவாதிக்கவில்லை, மறுக்கவில்லை. போனார், கையெழுத்துப் போட்டார், வந்தார். பிராயச்சித்தம் பற்றி அச்சில் ஒன்று, அந்தக் கோட்பாடுகளின் அடியில் இன்னொன்று. இதை எங்கள் ஊரில் இரட்டை நாக்கு என்போம்.

எழிலன்

ரயிலடி, அன்றைய ஆக்ஸ்போர்டில் அந்தக் கையெழுத்துக்கு என்ன மதிப்பு இருந்தது என்று பாருங்கள். 1854 வரை கல்லூரியில் சேர வரும் பையன்கூட அந்த 39ல் கையெழுத்துப் போட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். அவருக்கு உபதேசம் செய்யத்தான் கூப்பிட்டார்கள். இவர் அதற்கு இடமே கொடுக்காமல் கையெழுத்தைப் போட்டுவிட்டு எழுந்து வந்தார். அது அவமதிப்புதான், சரணாகதி இல்லை.

மறுத்திருந்தால்? பேராசிரியர் பதவி போயிருக்கும், ஃபெலோஷிப் போயிருக்கும். சந்தேகப்படுகிறவனெல்லாம் வெளியேறினால் திருச்சபையில் மிஞ்சுவது புகார் எழுதுகிறவர்கள் மட்டும். உள்ளே இருந்துகொண்டே அந்தக் கையெழுத்து முறையை ஒழிக்கப் பாடுபட்டவர்களில் ஜோவெட்டும் ஒருவர். 1871ல் பல்கலைக்கழகங்களின் மதச் சோதனையை நாடாளுமன்றமே சட்டம் போட்டு எடுத்தது. கத்தோலிக்கரும் யூதரும் இந்துவும் ஃபெலோ ஆக வழி பிறந்தது அதனால்தான்.

ஜோவெட் கையெழுத்துப் போட்ட கொள்கைக்காரர். வெளியேறிய கொள்கைக்காரர்களின் பெயரில் நமக்கு எத்தனை தெரியும்?

பொருநைக்கரை

எனக்கு மூன்று தெரியும். வெளியேறியவர்கள்கூட இல்லை, உள்ளேயே நின்று அடி வாங்கியவர்கள்.

அதே தொகுப்பில் எழுதிய ரோலண்ட் வில்லியம்ஸும் ஹென்றி பிரிஸ்டோ வில்சனும் திருச்சபை நீதிமன்றத்தில் நின்றார்கள். 1862ல் ஒரு வருடம் பதவி நீக்கம் என்று தீர்ப்பு. பிரிவி கவுன்சில் (உச்ச மேல்முறையீட்டு மன்றம்) வரை போய் 1864ல் ஜெயித்தார்கள். நித்திய நரகத்தை நம்பித்தான் ஆக வேண்டும் என்று குருமாரைக் கட்டாயப்படுத்த முடியாது என்பது அந்தத் தீர்ப்பில் வந்ததுதான். அதை எதிர்த்துக் கிட்டத்தட்ட 11,000 குருமார் கையெழுத்திட்டார்கள். மூன்றாவது ஆள் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் ஆயர் கொலென்ஸோ. மோசேயின் ஐந்து ஆகமங்களில் கணக்கு உதைக்கிறது என்று எழுதினார், 1863ல் பதவி பறிபோனது, அதற்குப் பிறகும் எழுதுவதை நிறுத்தவில்லை.

ஜோவெட் 1870 வாக்கில் அதே மாதிரி இன்னொரு தொகுதிக்குத் திட்டம் போட்டார். அது வெளிவரவே இல்லை. சரியாக எந்த வருடம் என்று கவனியுங்கள். இன்னொரு கூட்டாளி ஃபிரடெரிக் டெம்பிள் ஆயரானதும் தன் கட்டுரையை மறுபதிப்பிலிருந்து எடுத்துவிட்டார், பிறகு கேன்டர்பரி பேராயர் வரை போனார். டெம்பிள் சொல்லிவிட்டு விலகினார். ஜோவெட் சொல்லாமலே விலகினார்.

சாந்தி டீச்சர்

விலகினாரா? கல்லூரிச் சிற்றாலயத்தில் கடைசிவரை பிரசங்கம் செய்தார். நண்பர் டீன் ஸ்டான்லி அழைத்து வெஸ்ட்மின்ஸ்டர் அபேயிலும் பிரசங்கித்தார். அந்தப் பிரசங்கங்கள் 1895 முதல் புத்தகங்களாகவும் வந்திருக்கின்றன.

பொருநைக்கரை

அவர் இறந்தது 1893 அக்டோபர் 1.

ரயிலடி

😀 டீச்சர், இதற்குப் பதில் சொல்லுங்கள்.

சாந்தி டீச்சர்

சொல்கிறேன். முப்பது வருடம் வகுப்பறையில் நின்றவள் நான், அச்சில் வந்தால்தான் அது பேச்சு என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஜோவெட் தம் மாணவர்களை எப்படி நடத்தினார் என்று பாருங்கள். மாணவன் கட்டுரை எழுதிக்கொண்டு வந்து அவர் எதிரில் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். பஞ்சு போன்ற வெள்ளைத் தலை, உருண்டை முகம், கீச்சுக் குரல். முழுதும் கேட்டுவிட்டு ஒரே ஒரு வாக்கியம் சொல்வார், பையன் ஒரு வாரம் தூங்க மாட்டான். கூட்டிக்கொண்டு நடக்கப் போவார், வழி முழுக்க வாயே திறக்க மாட்டார். அமைதி தாங்காமல் பையன் வானிலை பற்றி ஏதோ சொல்லித் தொலைப்பான். திரும்பி வாசலுக்கு வந்ததும், நீ சொன்னது சாரமில்லாத பேச்சு என்று சொல்லிவிட்டுப் போவாராம். மாணவர்களே அவரைக் கேலி செய்து பாட்டுக் கட்டினார்கள்: இந்தக் கல்லூரிக்கு நான் தலைவன், எனக்குத் தெரியாதது அறிவே இல்லை என்று அவர் சொல்வதாக. கேலிதான், ஆனால் மதிக்காத வாத்தியார் மீது யாரும் பாட்டுக் கட்டுவதில்லை.

இந்தப் பயிற்சியில் வந்தவர்கள் தத்துவ அறிஞர் டி. எச். கிரீன், பிரதமர் ஆஸ்க்வித், கவிஞர் ஹாப்கின்ஸ். ஹாப்கின்ஸ் கத்தோலிக்கரானார், கிரீன் சபைக் கோட்பாடுகளைத் தாண்டிப் போனார். யாரையும் தன் அச்சில் வார்க்கவில்லை. சொந்தமாக யோசி என்று பிடிவாதமாகச் சொன்ன ஒரு குருவானவர், அந்தக் காலத்தில்! இதைவிட என்ன இறையியல் வேண்டும்?

முகில்

அக்கா, பட்டியலை முழுசாகப் போடுங்கள். லான்ஸ்டவுன், எல்ஜின், கர்சன். 1888 முதல் 1905 வரை இந்தியாவை ஆண்ட மூன்று வைஸ்ராய்கள், வரிசையாக மூன்று பேரும் பேலியல். வங்கத்தை வெட்டியவரும் அந்த நடைப்பயிற்சியில் கூடப் போனவராக இருக்கலாம்.

அவர் வாய் மூடினாரா, பேசினாரா என்று நீங்கள் அடித்துக்கொள்கிறீர்கள். அந்த வாய் என்ன வேலைக்குப் போனது என்பதே எனக்குக் கேள்வி. 1854ல் ஐசிஎஸ் (இந்திய சிவில் சர்வீஸ்) தேர்வு எப்படி இருக்க வேண்டும் என்று முடிவு செய்த மெக்காலே குழுவில் ஜோவெட் உறுப்பினர். வயது 18 முதல் 23. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பட்டதாரிகளுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. கிரேக்கம், லத்தீனுக்கு அள்ளி மதிப்பெண். பிறகு தேர்வானவர்கள் பயிற்சிக்கு வரப் பேலியலைத் திறந்துவிட்டார், அதிகம் பேர் அங்கேதான் போனார்கள். பவுலின் நிருபங்களுக்கு உரை எழுதிய கை, கலெக்டர்களை உற்பத்தி செய்தது.

எழிலன்

மூவரில் அவர் உயிரோடு வைஸ்ராயாகப் பார்த்தது லான்ஸ்டவுனை மட்டும். எல்ஜினும் கர்சனும் அவர் போன பிறகு.

அந்தக் குழு வருவதற்கு முன்னால் என்ன இருந்தது? கம்பெனி இயக்குநருக்கு மாமனோ மச்சானோ என்றால் வேலை. அதை ஒழித்துப் போட்டித் தேர்வு கொண்டுவந்தார்கள். 1863ல் சத்யேந்திரநாத் தாகூர் தேறினார். பழைய முறையில் அவர் வாசல்கூட மிதித்திருக்க முடியாது. வயது வரம்பை 19 ஆகக் குறைத்து நம் பையன்களை விரட்டியது இந்தியா அமைச்சராக இருந்த சாலிஸ்பரி. 1877ல் சுரேந்திரநாத் பானர்ஜி நாடு முழுக்கச் சுற்றிக் கூட்டம் போட்டது அதை எதிர்த்துத்தான்.

முகில்

வரம்பைக் குறைத்தது சாலிஸ்பரி. 19 வயதில் பள்ளிக்கூடத்திலிருந்து நேராக வரும் பையன்களை இரண்டு வருடம் பல்கலைக்கழகத்தில் வைக்கும் ஏற்பாட்டினால் பலனடைந்தது யார்? தேர்வு லண்டனில் மட்டும்தான். 1922 வரை இந்தியாவில் நடக்கவே இல்லை. தஞ்சாவூர்ப் பையன் கப்பல் ஏறி, கிரேக்கம் படித்து, ஈட்டன் பள்ளியில் படித்தவனோடு போட்டி போட வேண்டும். இதற்குப் பெயர் திறமைத் தேர்வு!

நெறியாளர்

ஐசிஎஸ் பற்றி ஏற்கெனவே நீண்ட இழை ஒன்று இருக்கிறது. ஜோவெட்டை விட்டுவிடாதீர்கள். "காலனி அடிமை" என்ற பின்னூட்டத்தை எடுத்துவிட்டேன்.

சாந்தி டீச்சர்

ஜோவெட்டைப் பற்றியே பேசுகிறேன். நாசிக்கில் பிறந்த கர்னீலியா சொராப்ஜி 1889ல் ஆக்ஸ்போர்டுக்குப் போனார். அங்கே சட்டம் படித்த முதல் பெண். அவரைத் தம் வீட்டு விருந்துகளில் பெரிய மனிதர்களுக்கு நடுவே உட்கார வைத்தவர், பக்கபலமாக நின்றவர் ஜோவெட். 1892ல் ஆண்களோடு ஒன்றாக உட்கார்ந்து பி.சி.எல். (சட்டப் பட்ட) தேர்வு எழுத, பல்கலைக்கழகம் தனித் தீர்மானம் போட்டு அனுமதித்தது. அப்போது ஜோவெட்டுக்கு 75 வயது. சாம்ராஜ்யத்துக்கு ஆள் பிடிக்க மட்டும் கடை விரித்தவர் இதை ஏன் செய்ய வேண்டும்?

முகில்

தேர்வு எழுதினார். பட்டம் கொடுத்தார்களா? 1922ல்தான்.

சாந்தி டீச்சர்

அதற்கு 29 வருடம் முன்னாலேயே செத்துப்போன மனிதரைக் குற்றம் சொல்கிறீர்களா!

ரயிலடி

இதில் எனக்குப் பிடித்த ஆள் மார்க் பாட்டிசன். அவரும் அந்த ஏழு பேரில் ஒருவர், அவரும் தலைவர் தேர்தலில் ஒருமுறை தோற்று, 1861ல் லிங்கன் கல்லூரித் தலைவரானவர். 1854ல் ஜோவெட்டும் அப்படித்தான் கிரேக்க அகராதிக்காரர் ஸ்காட்டிடம் தோற்றார். ஆனால் பாட்டிசன், பல்கலைக்கழகம் என்றால் ஆராய்ச்சி, நீங்கள் நடத்துவது பரீட்சைக்குத் தயார் செய்யும் பட்டறை என்று முகத்துக்கு நேரே சொன்னார். ஜோவெட்டுக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. தேர்வில் முதல் வகுப்பு, பிறகு நாடாளுமன்றம், அதுவே அவருடைய பாதை.

பொருநைக்கரை

ரயிலடி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். டீச்சர், உங்கள் வகுப்பறை வாதம் வலுவானது, மறுக்கவில்லை. ஆனால் அந்த வகுப்பறைக்குள் போக முடிந்தவர்கள் சில நூறு பேர். 1855ல் ரோமர் நிருப விளக்கவுரையைக் காசு கொடுத்து வாங்கி, ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் நரகத்தைக் காட்டி மிரட்டப்பட்ட ஒரு கிராமத்துப் பள்ளி ஆசிரியருக்கு, 1875ல் ஜோவெட்டிடமிருந்து என்ன கிடைத்தது? பிளேட்டோவின் திருத்திய இரண்டாம் பதிப்பு, ஐந்து தொகுதி.

சாந்தி டீச்சர்

அந்த ஐந்து தொகுதியின் முன்னுரைகளைப் படித்தீர்களா? ஆன்மா, மரணம், கடவுள், நீதி எல்லாம் அங்கேதான் பேசுகிறார். பிளேட்டோவின் பெயரில் பேசினால் துணைவேந்தர் கூப்பிட மாட்டார் என்பது அவருக்குத் தெரியாதா என்ன!

ரயிலடி

1882லிருந்து 1886 வரை துணைவேந்தரே அவர்தான் டீச்சர். யாருக்குப் பயந்தார்?